மிச்சம் ஐம்பத்தொன்பது வீதம்

கீரிமலைப் பக்கத்துச் சுண்ணக்கல்.
ஒரு சாண் நீளம், கைப்பிடிக்குள் அடங்கும் பருமன்.
மசகெண்ணெயில் ஆறு கிழமை ஊறவிட்டோம்,
ஊறுகாய் போட்டதுபோல.

முதலில் வெறுந்தண்ணீர்.
பம்பி முனகியது.
திருநெல்வேலியில் மின்சாரம் இரண்டுதரம் போய்வந்தது.
குழாய் முனையில் கறுப்புத் துளி, கறுப்புத் துளி,
பிறகு தண்ணீர் தனக்கொரு பாதை கண்டுகொண்டது.
பஸ்ஸின் முன்கதவால் ஏறிப்
பின்கதவால் இறங்கிப் போகிறவன் மாதிரி
உள்ளே ஒருவரையும் இடிக்காமல்.

நாற்பத்தொரு வீதம் என்று எழுதினாள் எமில்டா.
மிச்சம்
கல்லின் தொண்டைகளில், உடும்புப்பிடி.

அமுக்கத்தைக் கூட்டினோம்.
ரப்பர் உறை கிழிந்தது.
எண்ணெய் அசையவில்லை.
"கல்லில நார் உரிச்சிருக்கலாம்" என்றாள்.

அடுத்தது சவர்க்கார இனம்.
ஒரு தலை, ஒரு வால்.
தலைக்குத் தண்ணீர் விருப்பம், வாலுக்கு எண்ணெய்.
இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிற மாப்பிள்ளை.
அது எல்லையில் போய் நிற்கும்;
நின்றால் எல்லை இளகும்.

முதல் வகை
வளாகக் கிணற்றுத் தண்ணீரில் விட்டதும்
தயிராய்த் திரைந்தது.
கல்சியம், என்றேன் பெரிதாய்.
"பாசையூரில முழுகிற எவளுக்கும் தெரியும்,
இந்தத் தண்ணியில நுரை வராது.
கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

இரண்டாம் வகை கல்சியத்தோடு மல்லுக்கட்டவில்லை.
இரவு பதினொன்றே கால்.
கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு துளி
நீண்டு
இடுப்பு ஒடுங்கி
நூலாகி
வந்தது.
பின்னால் இன்னொன்று.
பிறகு ஒரே கறுப்புக் கோடு.

அறுபத்தெட்டு!
பால் இல்லாத தேநீரை
அளவுகுவளையில் ஊற்றிக் குடித்தோம்
(கழுவிய குவளைதான்).

இணுவிலில் என் வீட்டுக்குப் பின்னால்
ஒரு மோட்டார் திருத்துமிடம்.
பத்து வருசமாய்க் கழிவெண்ணெய் ஒரு குழிக்குள்.
விடியப்புறம் எங்கள் கிணற்றில் வாளி விட்டால்
வானவில் வரும்.
அதே கல். அதே தொண்டைகள்.
இந்தக் கரைசலை அந்தக் குழிக்குள் இறக்கினால்?

சொல்லி முடிக்கவில்லை.
எமில்டா வெளியேறிய தண்ணீரைப்
போத்தலோடு எடுத்துக் குலுக்கினாள்.
நுரைத்தது.
நுரை நெடுநேரம் நின்றது.

எண்ணெயைக் கூட்டிவந்தது
எண்ணெயோடு முழுக்கப் போகவில்லை.
எவ்வளவு கல்லில் ஒட்டியது,
எவ்வளவு தண்ணீரோடு நிற்கிறது?
அளக்கிற கருவி எங்களிடம் இல்லை.

கை கழுவினேன். கறுப்புப் போனது.
வழுவழுப்பு விரலிடுக்கில் நின்றது.
எமில்டா கொழும்புக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தாள்,
"அன்புடையீர், ஒரு கிழமைக்கு இரவல் தர முடியுமா"
என்பதற்கு மேல் போகாமல்.