லா ஓந்தா, பிரம்மபுரம்

பலகையில் மூன்று அலைகள்.
ஒன்று பெயின்ட் உரிந்து பாதி அலை.
அரம்போல் கடற்கரையில் கடையை மூடிய
இத்தாலிக்கார முதலாளியம்மா
இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
கழற்றிக்கொண்டு போ என்றாளாம்.
கேசர் தமாங் அதைப் பெட்ஷீட்டில் சுற்றி
காட்பாடி வரை பர்த்துக்கு அடியில்
காலால் தள்ளித் தள்ளி வந்தார்.
மேல் பர்த்தில் பையன் பிபேக்,
நெஞ்சில் ஓர் ஓட்டையோடு.

ஓட்டையை அடைத்தாயிற்று.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொன்னார்கள்.
நேபாளம் போய்த் திரும்பும் செலவை
மருந்துச் சீட்டின் பின்னால் கூட்டிப் பார்த்த சுன்மாயா
என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த ஷட்டரைத்
தூக்கிக் காட்டச் சொன்னாள்.

மெனு அடித்தது நான்தான்.
பார்மிஜானாவில் எழுத்துப் பிழை பார்க்க
எனக்கென்ன தெரியும்.
"இன்னாடா இது?"
"கத்திரிக்காண்ணா. மேல சீஸு கீது."
எட்டே மாதத்தில் வந்த தமிழ்.
அப்பாவுக்கு இன்றும் இரண்டு சொல்தான்:
"தம்பி", "இரு".

இலவம்பாடி முள்ளுக்கத்திரி இல்லாத நாளில்
அந்த அயிட்டத்தைப் பேனாவால் அடித்துவிடுவார்.
கோவாக் கத்திரிக்காய் எண்ணெய் குடிக்குமாம்,
இது குடிக்காதாம்.
நாங்கள் இட்லிக்குக் கடைந்தே பழகியவர்கள்,
இது குடிக்குமா குடிக்காதா என்று கேட்டதில்லை.
காம்பு முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே
சுன்மாயா சில்லறை எண்ணுவாள்.

அவர் அடுப்புக்கும் என் மெஷினுக்கும்
நடுவில் ஒரே சுவர்.
அக்னி நட்சத்திரத்தில் தாள் சுருண்டு
உள்ளே சிக்கிச் சிக்கி நின்றது.
சண்டைக்குப் போனேன்.
ஒரு தட்டு வந்தது.
மறுநாளும் சண்டைக்குப் போனேன்.

ஐப்பசிக் கடைசியில்
எங்கோ ஆந்திரா பக்கம் பெய்த மழை
பாலாற்றுக்கு வந்துவிட்டதென்று
ஊரே விருதம்பட்டுப் பாலத்தில்.
கல்லூரி லீவு, கடையில் ஈ.
அவர்கள் மூவரும் ஷட்டரை இறக்கிவிட்டு
என் வண்டியில் தொற்றிக்கொண்டார்கள்.
வேலமரங்களைப் புரட்டிக்கொண்டு
டீ நிறத்தில் போனது தண்ணீர்.
ஒரு நீல டிரம் போனது.
எல்லோரும் ஆற்றையே பார்க்க
கேசர் மட்டும் ஜனத்தைப் பார்த்தார்.
குழந்தைகள், போலீஸ், செல்ஃபி எடுக்கும் கிழவர்,
ஒரு சுண்டல்காரன்கூட இல்லை.
"தம்பி" என்றார். "இரு" என்றார்.

மறுநாள் விடிய
பாலத்து முனையில் பெஞ்சு,
பெஞ்சுக்கு மேல் அந்தப் பலகை.
ரொட்டிக்குள் கத்திரிக்காய், இருபது ரூபாய்.
இத்தாலியா, நேபாளமா,
யாரும் கேட்கவில்லை.
காரம் கேட்டார்கள்.
சுன்மாயா பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டாள்.

நான்கு நாள்.
"பலகைக்குப் போன சம்பளம் வந்துச்சா?" என்றேன்.
பிபேக் விரல் விட்டான்.
"ஒன்றை மாசம் வந்துச்சுண்ணா."

ஆறு மறுபடி மணலாயிற்று.
பலகை ஷட்டருக்கு மேலே ஏறிவிட்டது,
கொஞ்சம் கோணல்.
எனக்கு மட்டும் தெரிகிறது.
சொல்லவில்லை.