அஞ்சு நிமிஷம்

சூரமங்கலம் ஈ.பி.யில் ரிட்டயர் ஆகும்வரை
கம்பம் ஏறியவன் நான்.
இப்போது ஏறி உட்காருவது
மடக்கு நாற்காலியில், தலையணை ஒன்று போட்டு.
எதிரே ஒற்றை ஊசி எம்பிராய்டரி மெஷின்,
பூங்கோதை சீட்டெடுத்து வாங்கியது.
அவளுக்குத் தையல் வரும், எனக்கு வயரிங் வரும்.
மெஷினுக்கு இரண்டும் வேண்டும் என்பதால்
குடித்தனம் ஓடுகிறது.

ஃபேர்லேண்ட்ஸ் டாக்டர் வீட்டு ஆர்டர்.
எட்டுப் பேர் சாப்பிடும் மேஜைக்கு
எட்டுத் தட்டு விரிப்பு, பன்னிரண்டு கைத்துண்டு,
நடுவில் ஓட ஒரு நீளத் துணி.
"மாம்பழம் போடுங்க" என்றார் அந்த அம்மா.
"புடவைக் கரை மாங்கா வேண்டாம்.
மல்கோவா. பாத்தா பசிக்கணும்."

பென் டிரைவில் இருநூறு டிசைன்.
ஸ்ட்ராபெரி உண்டு, செர்ரி உண்டு,
பனியில் சறுக்கும் மான்கூட உண்டு.
நான்கு இரவு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து
நானே வரைந்தேன், லைன் மேப் போட்ட கைதானே.
முதலில் வந்தது உருளைக்கிழங்கு.
இரண்டாவது, கிட்னி.
"டாக்டர் வீடுதானே, குடுத்துடலாம்" என்றாள்.

மூன்றாவதில் மூக்கு வளைந்தது.
காம்படியில் குங்குமம் தொட்டாற்போல் சிவப்பு,
இறங்க இறங்க மஞ்சள்,
வயிற்றோரம் இன்னும் பழுக்காத ஒரு பச்சை.
ஐந்து நூல். ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது தையல்.
துணியை வளையத்தில் நெரித்தால் தடம் விழும்;
தாளை மட்டும் இறுக்கி
துணியை அதன்மேல் படுக்க வைப்பாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையைக் கிடத்துவதுபோல்.
பாபினிலும் அதே மஞ்சள்,
விருந்துக்கு வருகிறவர்கள்
ஓரத்தைப் புரட்டிப் பார்ப்பார்களாம்.

ஏழாவது விரிப்பு. இரவு ஏழரை.
ஆறாயிரத்து இருநூறாவது தையலில்
ஊசி துணிக்குள் நிற்க, போனது கரண்ட்.

மழை இல்லை. ஏற்காட்டுப் பக்கம் மின்னலும் இல்லை.
ஃபியூஸ் என்றால் டப்பென்று கேட்டிருக்கும்.
எவனோ கையால் இறக்கியிருக்கிறான்.
ஆபீஸ் நம்பர் விரலுக்கே தெரியும்.
எடுத்தது புதுப் பையன்.
"அஞ்சு நிமிஷத்துல வந்துடும் சார்."

அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.
கல்யாண மண்டபத்துக்கு நான் சொன்னது,
மாவு மில்லுக்குச் சொன்னது,
பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணின் அப்பாவுக்கும்,
கம்பத்தின் பாதியில் தொங்கிக்கொண்டு.
சில நாள் டீக்கடையில் நின்றுகொண்டு.
அம்மாப்பேட்டையில் இருந்தபோது
விசைத்தறிக்காரர் ஒருவர்
தறிக்குள் பாதிச் சேலையைக் காட்டி
ஒரு வார்த்தை சொன்னார்.
அன்று சண்டைக்குப் போனேன்.
இன்று அந்த வார்த்தையைத்தான்
வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றே முக்கால் மணி நேரம்.
விட்ட இடத்தை மெஷின் மறக்கவில்லை.
டார்ச் தேடிய நான்தான்
வளையத்தில் முழங்கையை இடித்திருந்தேன்.
பழத்தின் மேல்பாதி
கீழ்பாதியைவிட்டு ஒரு நூலிழை தள்ளி உட்கார்ந்தது.
"யாருக்கும் தெரியாது."
"எனக்குத் தெரியுதே."

புதுத் துணி வெட்டி
முடித்தபோது மணி பதினொன்றரை.
வீட்டில் ஒரே மேஜை, அதில் மெஷின்.
நாங்கள் சாப்பிடுவது தரையில்.
தள்ளிப்போன மாம்பழத்தை எனக்கு முன்னால் விரித்து
அதன்மேல் எவர்சில்வர் தட்டை வைத்தாள்.
ரசம் வழிந்து பழத்தின் பிளவில் இறங்கியது.
துடைக்கப் போனேன், "கிடக்கட்டும்" என்றாள்.

அடுத்த கவளம் எடுக்கும்போது
மறுபடியும் போனது.
நான் எழுந்திருக்கவில்லை.
"அஞ்சு நிமிஷம்" என்றேன்.
சிரித்தாளா முறைத்தாளா,
அந்த இருட்டில் என்னத்தைக் கண்டேன்.