ஏழெட்டு

மூன்றாம் நாளும் கருவியை
ஹாலன் வீட்டுத் தகரக் கூரையிலிருந்து
மூன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தினேன்.
ஒலிவாங்கியின் தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை.
காற்றின் சத்தம் கணக்கில் சேரக் கூடாது, அதற்காக.
கோத்தகிரியில் காற்றைக் கழித்துவிட்டால்
மிச்சம் என்ன சார் என்று
கேரட் தோட்டத்திலிருந்து யாரோ கேட்டுச் சிரித்தார்கள்.

ஹெலிகாப்டர் மேட்டில் டிக்கெட் ஐயாயிரம்.
பன்னிரண்டு நிமிடம்.
தேயிலைச் சரிவு, அருவி, ஒரு திருப்பம், இறக்கம்.
அந்தத் திருப்பம் இந்தக் கூரைக்கு மேலே.

விதி தெளிவாகவே இருக்கிறது.
குடியிருப்புப் பகுதி: பகலில் ஐம்பத்தைந்து டெசிபெல்.
இரவு பத்து முதல் காலை ஆறு வரை எதுவும் பறக்காது.
"நல்ல விதிதான்" என்றார் ஹாலன்.
"அந்த நேரத்துல நான் ஃபேக்டரியில
டிரையர் முன்னாடி நிப்பேன்.
என் ராத்திரி காலையில ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்கும்."
காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் மப்ளர்,
மப்ளருக்கு மேல் தலையணை.
படிவத்தில் இரவு என்று அச்சிட்டிருப்பதைத்
திருத்த எனக்கு அதிகாரம் இல்லை.

முதல் நாள் மூடுபனி. ஒன்றும் பறக்கவில்லை.
மதியம் மூன்று வரை தூங்கினார்.
அவர் மனைவி மாதி
கரண்டியைக்கூடத் துணி விரித்துத்தான் வைத்தார்.
மூடுபனிக்கு யாரும் அரசாணை போடவில்லை.

மறுநாள் வெயில். ஏழெட்டு முறை வந்தது.
எழுபத்தொன்பது. எண்பத்தொன்று. எண்பது.
நடுவில் முப்பத்தெட்டு, நாற்பது:
சீகாரப் பூங்குருவி ஒன்று, குழாயடியில் குடம்.
கருவி அத்தனையையும் ஒன்றாகக் கரைத்து
இரவு பத்து மணிக்கு ஒரே எண்ணை நீட்டியது.
ஐம்பத்து நான்கு புள்ளி நான்கு.
கையெழுத்துப் போட்டேன்.

நான் பீளமேட்டுக்காரன்.
ஓடுபாதை முடிகிற பக்கம் எங்கள் வீடு.
விமானம் வந்தால் பேச்சை நிறுத்துவோம்,
போனதும் விட்ட எழுத்திலிருந்தே தொடர்வோம்.
அப்பா அடிக்க வரும்போதும் அப்படித்தான்,
ஓங்கிய கை காத்திருக்கும்.
வேலை கிடைத்து சேலம் போன பிறகுதான்
மற்ற வீடுகளில்
நிறுத்தாமலே பேசி முடிக்கிறார்கள் என்று தெரிந்தது.

இன்று சனிக்கிழமை.
உள்ளே ரித்திகா வாய்ப்பாடு படிக்கிறாள்,
அப்பா தூங்குவதால் கிசுகிசுப்பாக.
ஏழாறு நாற்பத்திரண்டு
ஏழேழு நாற்பத்தொன்பது
ஏழெட்டு ஐம்பத்

நின்றாள்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
கருவியில் முப்பத்தொன்பது.
மாதி அடுப்பிலிருந்து பாலை இறக்கினார்.
கொடியில் தொங்கிய சட்டையை
ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.
கருவியில் நாற்பது.
அதன் பிறகுதான் மலைக்குப் பின்னாலிருந்து
அது கிளம்பி,
அறுபது, எழுபத்திரண்டு,
தகரம் நடுங்கி, ஆணிகள் நடுங்கி,
உள்ளே ஒரு தலையணை புரண்டு,
பள்ளத்தாக்கைத் தாண்டி
ஒரு வண்டின் அளவுக்குச் சின்னதாகும் வரை
வாயை மூடாமலே உட்கார்ந்திருந்தாள் ரித்திகா.

தாறு,
என்றாள்.