பேச்சிப்பாறையில் பஞ்சர்

குலசேகரத்துத் தேநீர்க்கடைக்காரர்
"கோதையாறு வரைக்குமா? சவுட்டியா?" என்று சிரித்து
இன்னொரு பழம்பொரி வைத்தார்.

ரப்பர்த் தோட்டத்து மூன்றாம் வளைவில்
பின்சக்கரம் மூச்சை விட்டது.
பிறந்த இடம் தெரிந்திருக்கும்.
இருபுறமும் மரங்கள்
சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டே
வேடிக்கை பார்த்தன.

லிட்வின் ட்யூபை உருவி
அணைக்கரைக்கு இறங்கினான்.
கடையில் ஓட்டை தேட ஒரு பழைய வாளி;
எங்களுக்குப்
பேச்சிப்பாறை முழுவதும்.

அமுக்கினான்.
தலைகீழாய்க் கிடந்த மலையில்
உச்சிக்குச் சற்றுக் கீழே
குமிழ் குமிழாய் வந்தது
விடியலில் வீட்டு வாசலில் நான் அடித்த காற்று:
வடசேரிச் சந்தை, மீன் வண்டி, டீசல்,
அணைக்காத தெருவிளக்கு.

ஒட்டுப் போட்டோம்.
பம்ப் அடித்துக் கை கடுத்தது.
இப்போது உள்ளே வேறு காற்று.

ஏற்றம் மட்டும் அதேதான்.