பதினொரு பக்கத் தூரம்

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப்
பதினொரு பக்கம்.
மழையென்றால் பதின்மூன்று.
கவிதைக்கு நான் கணக்கு வைப்பதில்லை,
ஒரு வரியிலேயே கரை வந்துவிடும்.

பழைய பெர்ரியை நிறுத்திப்
புதுப் படகு விட்டபோது
எல்லாரும் வேகத்தைப் புகழ்ந்தார்கள்.
எனக்குப் போக நான்கு பக்கம் நஷ்டம்,
வர நான்கு.
யாரிடம் போய் மனுக் கொடுப்பது?

சரக்குப் பட்டியல் சரிபார்ப்பது என் வேலை.
பெட்டி எண், எடை, முத்திரை எண்.
நாள் முழுக்க இதையே படித்துவிட்டு
இன்னும் எதற்குப் படிப்பு என்பாள்
பக்கத்து மேசை சியூ இங்.
கண் வலிக்காதா?
வலிக்கிறது.
பிறகு?
பிறகென்ன, அடுத்த பக்கம்.

நீல அட்டைக் கணக்குப் புத்தகமொன்றில்
வாசித்ததை எழுதி வைக்கிறேன்.
தேதி, தலைப்பு, முடித்த இடம்,
கடைசிக் கட்டத்தில் ஒரு வாக்கியம்.
‘இவருக்கு உலை வைக்கத் தெரியாது,
இருபது பக்கம் சமையல்.’
‘அழுதேன். படகுக்காரர் பார்த்துவிட்டார்.’
‘அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கையில் முடித்தது,
ஒன்றும் நினைவில்லை.’
‘மறுபடி படிக்க வேண்டும்’ என்று எழுதியவை
நாற்பத்து மூன்று.
மறுபடி படித்தவை இரண்டு.

வீட்டில் அலமாரி முழுக்க ஈரம்.
இந்த ஊர்க் காற்று
எனக்கு முன்னால் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து
ஓரங்களில் பழுப்பாய்க் கையெழுத்துப் போட்டிருக்கும்.
வெள்ளிப்பூச்சிக்கு அட்டைப்பசை மட்டும் போதும்,
கதையைப் பற்றி அதற்கு அபிப்பிராயம் இல்லை.
சில நாள் எனக்கும் அப்படித்தான்.

போன சனிக்கிழமை,
சௌராஸ்தா சந்தை மாடி.
கீழேயிருந்து ஜாதிக்காய் ஊறுகாய் வாசம்
படியேறி வந்துகொண்டிருந்தது.
ஐந்தாம் படிவக் கணிதப் பயிற்சிகளுக்கு அடியில்
முதுகு கிழிந்த ஒரு நாவல்.
திறந்தால் என் பெயர்.
1998 என்று வருஷம்,
பெயருக்குக் கீழே ஒரு வளைவுக் கோடு.
அந்தக் கோட்டை நான் எப்போது விட்டேன்?

தவமலரிடம் கொடுத்த புத்தகம்.
பிறகு நாங்கள் பேசாமல் போனது
வேறொரு காரணத்துக்கு.
அது இங்கே வேண்டாம்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருத்தி பஸ் ஏறுகிறாள்.
ஓரத்தில் பென்சிலால், அழுத்தி,
தாளே குழியும்படி எழுதியிருக்கிறேன்:
‘இவளை மன்னிக்கவே முடியாது.’
அதற்குக் கீழே பச்சை மையில்,
இடப்பக்கம் சாயும் அவள் கையெழுத்து:
‘ஏன் முடியாது?’

பன்னிரண்டு வெள்ளி என்றார் ஜமால்தீன்.
இது என் புத்தகம் என்றேன்,
பெயரைக் காட்டினேன்.
கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
சரி, அப்படியென்றால் பத்து.

திரும்பும் படகில் டிக்கெட் கிடையாது,
போகத்தான் காசு.
ஜன்னலோரம் உட்கார்ந்து விரித்தேன்.
பாலம் தெரிந்தது, கப்பல்கள் தெரிந்தன,
கடல் வழக்கம்போல் கோப்பி நிறத்தில் கிடந்தது.
அவள் பஸ் ஏறினாள்.
மறுபடி முதலிலிருந்து, அவள் பஸ் ஏறினாள்.
இந்தத் தடவை
அவள் கையில் பை இல்லை என்பதைக் கவனித்தேன்.
அப்போது எப்படித் தவறவிட்டேன்?
மாற்றுப் புடவைகூட எடுக்காமல் போகிறவள்
எங்கே போவதாக நினைத்தாள்?

மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கின.
‘காக், சுடா சம்பாய்,’ என்றான்
கயிறு பிடிக்கும் பையன்,
கரை வந்ததை நான் காணவில்லை என்று.

அன்று வாசித்தது ஒரே பக்கம்.
பேனாவை எடுத்து
அந்தப் பச்சைக் கேள்விக்குக் கீழே வைத்தேன்.
ஒரு புள்ளி விழுந்தது.
ஈரத் தாள், அது மெல்ல
விரிந்துகொண்டே போனது.
மூடிவிட்டு இறங்கினேன்.
தவமலர் குளுவாங்கில் இருப்பதாகக் கேள்வி.