நாற்பத்தைந்தாம் அளவு

ரோஹுகுலா படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு.
ஒரு படகு போய் அடுத்தது வருவதற்குள்
காலுறையில் கணுக்கால் வரை வந்துவிடுவேன்.
மூடுபனியில் படகு நின்றுபோகும் நாள்களில்
குதி திரும்பிப் பாதத்தில் இறங்கியிருப்பேன்.

ஐந்து ஊசிகள். நான்கு சதுரமாய் நிற்கும்,
ஐந்தாவது ஊர் சுற்றும்.
ஆட்டு மணம் போகாத சாம்பல் நூல்,
விளிம்பில் மட்டும் ஒரு சிவப்பு வரி.

எங்கள் குடியிருப்புக்கு ஐந்து மாடி, ஒரே படிக்கட்டு.
ஏறி இறங்கும் கால்களை
முகங்களுக்கு முன்பே தெரியும் எனக்கு.
கதவுக்கு வெளியே கழற்றிவிட்ட பூட்ஸுகளை,
விழுந்த சாவியைத் தேடுகிறவள்போல் குனிந்து,
சாண் வைத்து அளந்திருக்கிறேன்.
மால்லே முப்பத்தேழு, அகலப் பாதம்.
எண்டெலுக்கு இடது கால் ஒரு பொடி பெரிது.
கீழ்வீட்டு இரட்டையருக்குப் பின்னி முடிப்பதற்குள்
கால் வளர்ந்துவிடுகிறது.

டிசம்பரில் கொடுப்பேன்.
வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.
"இதைப் போய்க் காலில் போடுவதா?"
என் தங்கை வைகே ஒன்பது ஜோடியையும்
வாசனைப் பை நடுவில் வைத்து
இழுப்பறையில் பூட்டியிருக்கிறாள்.
கடைச் சரக்கில் விறைத்தபடி நடக்கிறாள்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
பத்தாவது ஜோடியைத் தொடங்குகிறேன்.

லெம்பித்துக்கு மட்டும் அன்பினால் பின்னவில்லை.
அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் கட்டிலுக்கு நேர் மேலே அவர் வீடு.
இரவு இரண்டு மணிக்கு நடக்கத் தொடங்குவார்.
ஜன்னலிலிருந்து கதவுக்குப் பன்னிரண்டு அடி,
கதவருகே ஒரு நிறுத்தம்,
மறுபடி பன்னிரண்டு.
துடைப்பக் கட்டையால் மேலே இடித்திருக்கிறேன்.
நின்றுவிடும். பிறகு
மன்னிப்புக் கேட்பதுபோல் மெதுவாகத் தொடரும்.
அது இன்னும் கொடுமை.

குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன்.
பேனாவுக்குப் பதில் ஊசி கைக்கு வந்தது.
அவருடைய பூட்ஸ் வெளியே இருந்ததே இல்லை.
நாற்பத்தைந்து என்று வைத்துக்கொண்டேன்.
நூலை இரட்டையாய்ப் பிடித்து,
பாதத்தை மெத்தை கணக்காய்,
கண்ணிக்கு ஒரு வசவு வைத்துப் பின்னினேன்.
பதினாலாயிரம் வசவாவது இருக்கும்.
காகிதத்தில் சுற்றி, கதவுப்பிடியில் மாட்டிவிட்டு,
திருடியவள்போல் இறங்கி ஓடிவந்தேன்.

அன்றிரவு மேலே சத்தமில்லை.
மறுநாளும் இல்லை.
தூங்கினேன்.
அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பெருமைப்பட
அது ஒன்றுதான் இருந்தது.

மார்ச்சில், கடல்பனி உடையும் வாரம், கதவைத் தட்டினார்.
கையில் காலுறைகள், துவைத்து மடித்தவை.
"ஓட்டை" என்றார். வேறு சொல் இல்லை.

விளக்கடியில் கைவிட்டுப் பார்த்தேன்.
வலது குதியின் வெளிப்பக்கம்
தேய்பிறை வடிவில் போயிருந்தது.
ஜன்னலருகே அந்தக் குதியில்தான் சுழன்று திரும்புகிறார்.
விரல்களுக்குக் கீழே இரண்டு பாதமும்
ஒரே மாதிரி நைந்து, வெளிச்சம் தெரிந்தது,
எதற்கோ எம்பி நிற்பவருக்குத் தேய்வதுபோல்.
ஆக, நடை நிற்கவில்லை.
தொண்ணூறு இரவும் என் தலைமேல் நடந்திருக்கிறார்.
கதவருகே யாருக்காக அந்த நிறுத்தம் என்று
காலுறையில் எழுதியிருக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

பதினெட்டு வருடமாய்க் கொடுத்ததில்
திரும்பி வந்த முதல் ஓட்டை இது.
கை லேசாய் நடுங்கியது. கோபத்தால் அல்ல.

"சிவப்பு நூல்தான் மிச்சம் இருக்கிறது."
"அடியில்தானே" என்றார்.

உட்காரச் சொன்னேன். தைத்தேன்.
குறுக்கே ஒரு வரிசை, நெடுக்கே ஒரு வரிசை,
ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் கீழ் ஒன்று.
முடிச்சிட்டு நூலைக் கடிக்கக் குனிந்தபோது
செருப்பில் அவருடைய வெறும் கால்களைப் பார்த்தேன்.

நாற்பத்தைந்து இல்லை.
நாற்பத்தொன்று இருந்தால் அதிகம்.
சத்தத்தை வைத்து அளந்திருக்கிறேன்.
நுனியை மடித்து மடித்துப் போட்டிருக்கிறார்,
ஒரு நாள்கூடச் சொல்லாமல்.