நாற்பத்திரண்டு வோல்ட்

ஆரம்பாக்கத்தில் அறை, தடாவைத் தாண்டி வேலை.
நடுவில் ஒரு செக்போஸ்ட்,
'டீ' 'டீ'யாகவே இருக்க
சில்லறை மட்டும் தெலுங்கில் வரும் ஒரு கடை.
போய்வர ஒரு சார்ஜ் போதும்
எதிர்க்காற்று இல்லாத நாளில்.

எதிர்க்காற்று இல்லாத நாளை
இந்த ஏரிக்கரையில் நான் பார்த்ததில்லை.
காற்று உப்பையும் ஏற்றிக்கொண்டு வரும்.
பேட்டரியின் பித்தளை முனைகளில் பச்சை பூக்கும்.
ஞாயிறு வந்தால் பழைய பிரஷ்ஷால் தேய்த்து
விரல்நுனி அளவு வாசலின் தடவுவேன்.
உதட்டுக்கென்று வாங்கியது.
உதடு வெடித்தால் வெடிக்கட்டும்.

பெஞ்சலாவுக்கு இரவு ஷிப்ட், எனக்குப் பகல்.
ஒரு பாய், இரண்டு உறக்கம்.
ஒரு பிளக், இரண்டு பேட்டரி.
"மிக்ஸியா வண்டியா, நீங்களே முடிவு பண்ணிக்கங்க"
என்று சொல்லிவிட்டார் வீட்டுக்கார முனிரத்தினம்.
நாங்கள் சட்னியைக் கைவிட்டோம்.

அவள் எழுதிவைக்கும் சீட்டு எனக்குப் புரியாது,
என்னுடையது அவளுக்கு.
எண்கள் மட்டும் இருவருக்கும் பொது:
பால் பாக்கி 68. தண்ணீர் கேன் 2.

அவள் சார்ஜரில் ஐம்பத்து நான்கு புள்ளி ஆறு.
என்னுடையதில் நாற்பத்திரண்டு.
அதுவும் எறும்பெழுத்தில், அடிப்பக்கத்தில்.
இரண்டும் கறுப்பு. இரண்டுக்கும் ஒரே வட்ட வாய்.

கார்த்திகை மழையில் நனைந்து வந்த ராத்திரி
எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.
பேட்டரியைக் கழற்றித் துடைத்து ஆறவைத்தேன்.
"ஓடி வந்த மாட்டுக்கு உடனே தண்ணி காட்டுவியா?"
மெக்கானிக் ஜிலானி கேட்ட கேள்வி அது.
கரண்ட் இல்லை.
பத்தரைக்கு வந்தது, ஒரு நொடி, பிறகு பல்பு மட்டும் போனது.
இருட்டில் கைக்கு வந்த சார்ஜரைச் சொருகிவிட்டுப்
படுத்தேன்.

எழுப்பியது வாசனை.
நெயில் பாலிஷ் அழிக்கும் தண்ணீரின் இனிப்பு.
இந்த அறையில் நெயில் பாலிஷே கிடையாது,
நகம் வளர்த்தால் கம்பெனியில் உள்ளேயே விடமாட்டார்கள்.

முதலில் சுவிட்ச். பிறகுதான் கை.
அதுகூட எனக்குத் தோன்றியதல்ல, ஜிலானி திட்டித் திட்டிப் பதிந்தது.
உறை பூரிபோல் உப்பியிருந்தது.
சிமெண்ட் சட்டியில் வைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே தூக்கினேன்.
மழை விட்டிருந்தது.
வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், மணலில், தனியாக வைத்தேன்.
இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன்,
காய்ச்சல்காரருக்குக் காவல் இருப்பதுபோல.
தொட முடியாது. விட்டுப் போகவும் முடியாது.

ஆறரைக்கு பெஞ்சலா வந்தாள்.
சட்டியைப் பார்த்தாள். சுவரோரம் கிடந்த
தன் சார்ஜரைப் பார்த்தாள்.
"போனீலே" என்றாள்.
போனில் என்ன என்று எடுத்துத் தேடினேன்.
'போகட்டும் விடு' என்று
டீக்கடையில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், நாலு நாள் கழித்து.

புது பேட்டரி பதினேழாயிரம், ஐந்து தவணை.
முதல் தவணை வரைக்கும் கம்பெனி பஸ்,
நின்றுகொண்டே.

சம்பளத்தன்று தடா பஜாரில்
அவள் ஒரு பொருள் வாங்கினாள்: சிவப்பு நெயில் பாலிஷ்.
என் சார்ஜரில் 42. என் பேட்டரியில் 42.
அவளுடையவற்றில் 54.
கை நடுங்காமல் எழுதினாள்,
நாள் முழுக்கப் புள்ளி வைத்துப் பற்றவைக்கிறவள்.

இப்போது சார்ஜர் சோறு வேகும் நேரத்தில்தான்.
அடுப்புக்கு எட்டாத மூலை, கதவு திறந்து,
யாராவது ஒருத்தி விழித்திருக்க.
பச்சை விளக்கு வந்தால் பிடுங்கிவிடுவோம்.
மிக்ஸிக்கு இடம் கிடைத்திருக்கிறது.

பாட்டிலில் மீதி இருந்தது.
கால் பெருவிரல்களில் பூசிக்கொண்டோம், ஆளுக்கு இரண்டு.
கம்பெனி ஷூவுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.
செக்போஸ்ட் தாண்டும்போது
பெடலை அழுத்துகிறேன்,
அறிவிக்காத சரக்கோடு.